இடது காதுக்காகச் சொன்ன பொய்

பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கும் டிரைவர்கள் இப்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் சட்டைப் பையைப் பார்க்கிறார்கள். அதில் காது மிஷின் இருக்கிறது. "அண்ணே, எங்க வாங்குனீங்க? எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்கண்ணே" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று கதை சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, பாதியிலேயே கோபம் வந்துவிடும். அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். படிக்காமல் போய்விட்டுப் பிறகு என்னிடம் வந்து புலம்பாதீர்கள்.

என் பெயர் செல்லையா. திருமங்கலத்தில் நாலு பஸ் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் பதினேழு வருஷம் டிரைவராக இருந்தேன். வீடு கோச்சடையில். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறத்தியார் வயலில் கூலிக்கு உழுதவர்கள். எங்கள் ஆட்களில் முதன்முதலாக லைசென்ஸ் எடுத்தவன் நான். எங்களைத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவிடாத ஆட்கள், ரோட்டோரம் நின்று என் பஸ்ஸுக்குக் கை காட்டுவார்கள். நான் பிரேக்கை மிதித்தால்தான் அவர்கள் ஏற முடியும். அந்த சுகத்தைச் சம்பளம் தராது. காதைவிட ஸ்டியரிங்கை ஒருத்தன் பெரிதாக நினைப்பானா என்று நீங்கள் கேட்கலாம். நான் நினைத்தேன். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

என் இரண்டு காதுமே கோளாறு, ஆனால் இரண்டும் வேறு வேறு கோளாறு. இது முக்கியம், கவனமாகப் படியுங்கள். நாங்கள் ஓட்டிய பழைய வண்டிகளில் இன்ஜின் உள்ளேயே, டிரைவருக்கு இடது கைப்பக்கம், ஒரு தகர மூடிக்குள் கிடக்கும். பதினேழு வருஷம் அது என் இடது காதுக்குள்ளேயே ஓடியது. கடைசியில் அந்தக் காதில் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. யார் பேசினாலும் பக்கத்து வீட்டில் அம்மி அரைப்பது போல ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். வலது காது அப்படியில்லை. சின்ன வயதிலிருந்து அதில் சீழ் வடியும், நிற்கும், மறுபடி வடியும். கேட்பது மந்தம். ஆனால் கொஞ்சம் உரக்கச் சொன்னால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து சேரும். எங்கள் ஊரில் காதில் சீழ் வடியாத பையன் யார் என்று அதை ஒரு வியாதியாகவே நாங்கள் எண்ணவில்லை.

பஸ் ஓடுவது கண்டக்டரின் விசிலில். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. கோரிப்பாளையத்துக் காதர்தான் என் கண்டக்டர், ஒன்பது வருஷக் கூட்டு. எனக்கு விசில் சரியாகக் கேட்கவில்லை என்பது என்னைவிட அவனுக்கு முதலில் தெரிந்தது. விசிலோடு சேர்த்து வண்டியின் தகரத்தில் ஓங்கித் தட்டவும் ஆரம்பித்தான். அந்த அதிர்வு சீட்டு வழியாக என் முதுகுக்கு வரும். மீதியை நான் கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன். அவன் வாய் குவிந்தால் விசில், கை அசைந்தால் ரைட். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினோம். யாருக்கும் தெரியாது, என் பெண்டாட்டி பேச்சியம்மாளுக்குக்கூடத் தெரியாது.

ஒருநாள் பழங்காநத்தத்தில் கூட்டம் அதிகம். கூடையோடு ஒரு அம்மா ஒரு காலைப் படியில் வைத்திருக்கிறார், மறு கால் தரையில். காதர் நிறுத்தச் சொல்லி ஒற்றை விசில் ஊதியிருக்கிறான். கூட்டத்துக்குள் மாட்டியிருந்ததால் தகரத்தைத் தட்டக் கை எட்டவில்லை. ரைட் என்று நினைத்து நான் கிளம்பிவிட்டேன். ஜனம் முழுதும் கத்திய பிறகுதான் கண்ணாடியில் அந்த அம்மா விழுந்து கிடந்தது தெரிந்தது. முட்டி சிராய்ப்போடு போயிற்று. இன்னும் ஒரு சாண் உள்ளே விழுந்திருந்தால் பின்சக்கரம் ஏறியிருக்கும். அன்றைக்கு டிரிப் முடிகிற வரை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கழுத்தைத் திருப்பிப் படியைப் பார்த்த பிறகே கிளம்பினேன்.

"அண்ணே, டாக்டர்ட்டக் காட்டுவோம்ணே" என்றான் காதர்.

"டாக்டர்ட்டப் போனா காது கேக்காதுன்னு எழுதிக் குடுத்துருவாரு. அப்புறம் முதலாளி என்னைய வச்சிருப்பாரா? மிஷின் வாங்கி மாட்டிக்கிறேன். அதுக்கெதுக்கு டாக்டரு?"

இதுதான் எல்லாருக்கும் தோன்றும் யோசனை. கண் மங்கினால் கடையில் நாலு கண்ணாடியைப் போட்டுப் பார்த்து ஒன்றை வாங்கி வருவதில்லையா, அதுபோல. டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துச் சந்து ஒன்றில் கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் விற்கும் கடை இருந்தது. அங்கே மிஷினும் விற்றார்கள். சிகரெட் பாக்கெட் அளவில் ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்று, அதைக் காதுக்குள் நிறுத்த ஒரு ரப்பர் அடைப்பு. கடைக்காரர் முதலில் இடது காதில் வைத்தார். திருகியைத் திருப்பியதும் தலைக்குள் ஆணி அடித்தது போல இருந்தது. சத்தம் பெரிதானதே தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை. வலது காதுக்கு மாற்றினார். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், மேலே ஓடிய மின்விசிறியின் கிறீச்சும், தெருவில் ஒருத்தன் பூட்டை இழுத்துப் பார்த்ததும், கடைக்காரர் தன் மகனை முணுமுணுத்துத் திட்டியதும் தனித்தனியாகக் கேட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் காதுல சீழ் வருமே" என்றேன்.

"பஞ்ச வச்சு நல்லாத் துடைச்சுட்டு மாட்டுங்க. ஒண்ணும் செய்யாது."

தீபாவளி போனஸ் முழுவதும் அந்தக் கல்லாப்பெட்டிக்குள் போனது. டப்பாவைச் சட்டைப் பையில் போட்டு, வயரைத் தோள் துண்டுக்கு அடியில் விட்டு, காதுக்குக் கொண்டுவந்துவிடுவேன். பார்த்த பிரயாணிகள் எல்லாம் நான் டிரான்ஸிஸ்டரில் கிரிக்கெட் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். "ஸ்கோர் என்னண்ணே?" என்று பின்னாலிருந்து குரல் வரும். நானும் வாய்க்கு வந்த ஒரு ஸ்கோரைச் சொல்லி வைப்பேன். மேட்ச் இல்லாத நாளில்கூட ஒருவருக்குச் சொல்லியிருக்கிறேன், அவரும் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த மூன்று மாதமும் விசில் கேட்டது. நான் ராஜா போல ஓட்டினேன்.

வினை உள்ளே சேர்ந்துகொண்டிருந்தது. வடிகிற காதை ரப்பரால் அடைத்தால் சீழ் எங்கே போகும்? உள்ளே போகும். முதலில் அரிப்பு, பிறகு நாற்றம். பேச்சி தலையணை உறையைத் தினமும் துவைக்க ஆரம்பித்தாள். பிறகு காதுக்குப் பின்னால் ஒரு வலி. நான் தலைவலி மாத்திரையை விழுங்கிவிட்டு மிஷினை இன்னும் அழுத்தி மாட்டினேன். ஒருநாள் காலை திருப்பரங்குன்றம் தாண்டும்போது, நழுவிய ரப்பரை விரலால் உள்ளே அழுத்தினேன். அவ்வளவுதான், எதிரே நின்ற மலை அப்படியே சாய்ந்து வலது பக்கமாக ஓடியது. ரோடு செங்குத்தாக எழுந்தது. விரலை எடுத்தேன், நின்றது. என்ன என்று தெரியாமல் மறுபடி அழுத்தினேன், மறுபடி சுழன்றது. வண்டியில் அறுபது பேர் இருந்தார்கள். எப்படி ஓரம் கட்டினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஸ்டியரிங்கின் மேலேயே வாந்தி எடுத்தேன்.

காதர் என்னைக் கேட்கவே இல்லை. பிரயாணிகளை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு, என்னை ஒரு ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அங்கே நடந்த தப்பு முழுக்க என்னுடையது, அவர்கள் பெயர் எதற்கு?

காது டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். காதுக்குள் பார்த்தார், மோந்து பார்த்தார், ரப்பர் குமிழால் லேசாகக் காற்றை அழுத்தினார். நான் ஸ்டூலில் இருந்து சரிந்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சேதி கேட்டு ஓடி வந்திருந்த பேச்சிக்கும் எனக்கும் புரியும்படி சொன்னார். காதின் செவிப்பறை ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வெளித்தோல் உள்ளே போய் ஒரு பையாக வளர்ந்துவிட்டது. அந்தப் பை சும்மா இருக்காது, சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். தலை சுற்றாமல் நம்மை நிறுத்தி வைக்கும் பாகத்தின் எலும்புவரை அரித்தாகிவிட்டது. அதற்கு மேலே இருப்பது மூளை.

"எத்தனை நாளாப்பா இதைப் போட்டு அடைச்சு வச்சிருந்தே?" என்று மிஷினை விரல் நுனியில் தூக்கிக் காட்டினார்.

"மூணு மாசங்கய்யா."

"இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா சீழ் மூளைக்குப் போயிருக்கும். உன்னை இங்கே கூட்டிட்டு வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது."

பேச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்க வேண்டும் என்றார்கள்.

இனிமேல்தான் என் திருட்டுத்தனம் வருகிறது. பரீட்சை அறை சின்னது, சுவர் முழுக்க மெத்தைபோல் ஒட்டியிருந்தது. தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி, "சத்தம் எம்புட்டுச் சின்னதாக் கேட்டாலும் விரலத் தூக்குங்க" என்று ஒரு நடுத்தர வயது அம்மா சொல்லிவிட்டு என் பின்னால் போய்ச் சத்தம் அனுப்பும் மிஷின் முன் உட்கார்ந்தார். என்னைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்திருந்தார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு மீனாட்சி படம். பதினேழு வருஷம் கண்ணாடியிலேயே உலகத்தைப் பார்த்தவனுக்கு அது போதாதா? அந்தச் சட்டத்துக்குள், அம்மனின் கிளிக்குப் பக்கத்தில், பின்னால் இருந்த அம்மாவின் முழங்கை தெரிந்தது. பட்டனை அழுத்தும்போதெல்லாம் முழங்கை ஒரு நூல் உள்ளே போகும்.

வலது காதுக்கு நியாயமாகத்தான் விரலைத் தூக்கினேன். அது கெட்டது என்று டாக்டருக்கே தெரியும், மறைத்து என்ன பயன்? இடது காது வந்தபோது எனக்கு முதலாளியின் முகம் வந்தது. ஒரு காது போன டிரைவரையாவது முதலாளி யோசிப்பார், இரண்டும் போனவனை யார் வைத்துக்கொள்வார்கள்? முழங்கை அசைந்தபோதெல்லாம் விரலைத் தூக்கினேன். சந்தேகம் வரக்கூடாது என்று நடுவில் நாலைந்து இடத்தில் வேண்டுமென்றே சும்மா இருந்தேன். "இந்தக் காது நல்லாருக்குங்க" என்று அந்த அம்மா வாயசைத்துச் சிரித்தார். அம்மன் படத்தை வைத்தே களவு செய்துவிட்டு நானும் சிரித்தேன்.

மறுநாள் டாக்டர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சியிடம் விளக்கினார். காதுக்குள் அரிசியைவிடச் சின்னதாக மூன்று எலும்புகள் உண்டு. சத்தத்தை அடுத்தடுத்துத் தள்ளி உள்ளே அனுப்புவது அவைதான். நோய் அவற்றைச் சுற்றியும் படர்ந்திருக்கிறது. ஒன்று விடாமல் வழித்து எடுத்துவிட்டால் நோய் திரும்பி வராது, உயிருக்குப் பயமில்லை. ஆனால் அந்தக் காது கேட்காது. "கவலைப்படாதேம்மா, இடது காது நல்லா இருக்கு. ஒரு காது போதும், ஆயுசுக்கும் ஓட்டலாம்."

பேச்சிக்கு அது தேவ வாக்கு. வெளியே வாங்கி வரச் சொன்ன ஊசி மருந்துக்காக அவள் தன் கம்மலை அடகு வைத்து, காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். அந்தக் காதோடு வார்டில் இருந்தவர்களிடமெல்லாம் போய், "எங்க வீட்டுக்காரருக்கு எடது காது பழுதில்லையாம். டாக்டரே சொல்லிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோச்சடையிலிருந்து டவுன் பஸ்ஸில் தூக்குவாளியில் மிளகு ரசமும் குழைந்த சோறும் கொண்டுவந்து, என் வலது பக்கமாகவே உட்கார்ந்து ஊட்டுவாள். ஏன் அந்தப் பக்கமாகவே உட்காருகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

வலது காதை வழித்து எடுத்துவிட்டால் எனக்கு மிச்சம் அந்த அம்மிச் சத்தம் மட்டும்தான். அது எனக்குத் தெரியும், காதருக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் காதர் வந்தான். பேச்சி தண்ணீர் பிடிக்கப் போகட்டும் என்று காத்திருந்து, என் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"அண்ணே, டெஸ்டுல என்ன பண்ணுனீங்க? எடது காது நல்லாருக்குன்னு மதினி சொல்லுது. என்கிட்டயே வெளாட்டா?"

சொன்னேன். அவன் தலையில் கை வைத்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"யா அல்லா. அண்ணே, முழுச் செவிடா ஆயிருவீங்க. இப்பவே டாக்டர்ட்டச் சொல்லிருங்க."

"சொன்னா ஸ்டியரிங் போச்சு. உன் வேலையும் போகும். ரெண்டு வருசமாத் தகரத்தத் தட்டி என்னைய மறைச்சது நீதான்னு தெரிஞ்சா முதலாளி உன்னைய விடுவாரா?"

"போகட்டும்ணே. நீங்க சொல்லலைனா நான் சொல்லுவேன்."

நான் அவன் கையைப் பிடித்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று தர்கா மேல் சத்தியம் பண்ணச் சொன்னேன். அவன் பண்ணவில்லை. கையை உதறிக்கொண்டு எழுந்து போனான், வார்டு வாசலில் இரண்டு தரம் நின்று திரும்பிப் பார்த்தான். எனக்குப் பயமாக இருந்தது. அவன் சொல்லிவிடுவானோ என்று ஒரு பயம், சொல்லாமல் விட்டுவிடுவானோ என்று இன்னொரு பயம். எது பெரிது என்று விடியும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

காலையில் வலது பக்கம் தலைமுடியைச் சிரைத்து, அந்தக் காதில் மருந்துப் பஞ்சைத் திணித்துத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். பேச்சி கூடவே ஓடி வந்தாள், கதவோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே மேஜையில் படுக்க வைத்தார்கள். மேலே வட்ட விளக்கு. மூன்று பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். மூன்று பேரும் மூக்கையும் வாயையும் பச்சைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

டாக்டர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். துணி அசைந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி கேட்டார். வெறும் கரகரப்பு. பக்கத்தில் ஊசியோடு நின்றவர் ஏதோ சொன்னார், அவருடைய துணியும் அசைந்தது. நான் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன். கண்களில் சொல் கிடையாது. எதைக் கேட்கிறார்கள், பெயரையா, எந்தக் காது என்றா, பயமாக இருக்கிறதா என்றா? அதுவரை நான் மற்றவர் உதட்டைப் பார்த்தே பாதி வாழ்க்கையை ஓட்டியிருக்கிறேன் என்று அந்த மேஜையில்தான் எனக்கு உறைத்தது. கண்ணாடி இல்லை, உதடு இல்லை, முதுகில் வந்து சேரத் தகரம் இல்லை. இனிமேல் சாகும்வரை இப்படித்தான் இருக்கப் போகிறது.

டாக்டரின் நெற்றி சுருங்கியது. நல்ல காது என்று எழுதிய காதுக்குப் பக்கத்தில் நின்று கேட்கிறோம், இவன் ஏன் முழிக்கிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஊசிக்காரரைக் கை காட்டி நிறுத்தினார். நான் எழுந்து உட்கார்ந்தே விட்டேன்.

"அய்யா, கேக்கல. எடது காதுல ஒண்ணுமே வெளங்காதுங்கய்யா. டெஸ்டுல நான் ஏமாத்திட்டேன். சாமி படத்துக் கண்ணாடியில அந்த அம்மா கையப் பாத்துப் பாத்து வெரலத் தூக்குனேன். வலது காதுதான்யா எனக்கு இருக்குறது. அத எடுத்துராதீங்க."

அவர் முகத்துணியைக் கீழே இழுத்தார். வாய் தெரிந்தது. அவர் திட்டியதை நான் இங்கே எழுதப் போவதில்லை, ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தகும். திட்டி முடித்ததும் என்னை வார்டுக்கே திருப்பி அனுப்பினார்.

கதவுக்கு வெளியே பேச்சியின் பக்கத்தில் காதர் நின்றிருந்தான். டாக்டரிடம் சொல்லத்தான் வந்திருக்கிறான், வாசலில் இருந்தவர் உள்ளே விடவில்லை. என்னை உயிரோடும் கட்டுப் போடாமலும் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. பேச்சிக்கு நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்ப இத்தன வருசமா நான் பேசும்போதெல்லாம் கண்ணெடுக்காம என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே, இதுக்குத்தானா? நான் ஆசையில பாக்குறீங்கன்னுல நெனச்சேன்."

காதர் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள், அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மறுபடி டெஸ்ட் நடந்தது. மீனாட்சி படத்தைக் கழற்றி வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை டாக்டரே பக்கத்தில் நின்றார். சாவி கொடுத்தால் கரகரவென்று சத்தம் போடும் ஒரு சின்னப் பெட்டியை வலது காதில் வைத்து அதை அடைத்துவிட்டு, இடது காதில் சொற்களைச் சொன்னார். பத்தில் ஒன்றுகூட நான் திருப்பிச் சொல்லவில்லை. பிறகு அவர் கோபமில்லாமல், உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னார். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். ஆனால் இப்போது முறை வேறு. நோயைச் சுரண்டி எடுத்துவிட்டு, முடிந்தவரை அந்தச் சின்ன எலும்புகளை விட்டு வைப்பார். நேரம் அதிகமாகும். நோய் திரும்பி வரலாம், ஆயுசுக்கும் வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும். கேட்குமா என்று கேட்டேன். "சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். "உன் முதலாளிக்கு நான் லெட்டர் எழுதப் போறதில்லை. ஆனா பஸ் ஓட்டலாம்னு கையெழுத்தும் போட மாட்டேன். நீயே சொல்லிடு."

அன்று காதரிடம் சொல்லி அனுப்பினேன். என் காதுகளைப் பற்றி முழுவதும் முதலாளியிடம் சொல்லிவிடு, தகரத்தைத் தட்டியது மட்டும் உன் வாயால் வர வேண்டாம் என்றேன். அவன் அதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறான், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்ததாம். விழித்தபோது தலை முழுக்கக் கட்டு. அடுத்த பன்னிரண்டு நாள் எனக்கு உலகம் அம்மிச் சத்தம்தான். பேச்சி எங்கள் மகளின் சிலேட்டைக் கொண்டுவந்தாள். ஐந்தாவதுவரை படித்தவள், எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதுவாள். 'கஞ்சி சூடு', 'ஊசி வருது', 'பிள்ள கேட்டா'. நான் படித்துவிட்டுத் தலையாட்டுவேன். அவள் அழித்துவிட்டு அடுத்ததை எழுதுவாள். எந்நேரமும் ஒரே எண்ணம்தான். இந்தக் கட்டை அவிழ்த்தாலும் இப்படியே இருந்துவிட்டால்? ஸ்டியரிங்கும் போய், காதும் போய், இவளுடைய குரலும் போய், ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு என்ன வாழ்வது? சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொய்யையே காப்பாற்றியிருந்தால் வேலையாவது மிஞ்சியிருக்குமே என்றுகூட ஒரு மத்தியானம் நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை கட்டை அவிழ்த்து, காதுக்குள் திணித்திருந்த மருந்துத் துணியை நாடா மாதிரி உருவினார்கள். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. கடைசி முனை வந்ததும் டாக்டர் என் பின்னால் போய் நின்றார். ஏதோ சொன்னார் போலிருக்கிறது. எனக்குக் குழாயில் தண்ணீர் போகும் இரைச்சல்தான் கேட்டது. பேச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். உள்ளே வீக்கமும் ஈரமும் இருக்கிறது, அவசரப்படாதே, ஒரு வாரம் போகட்டும் என்று டாக்டர் முன்னால் வந்து சொன்னார். இந்தக் காதில் இனி எந்த ரப்பரையும் அடைக்கக் கூடாது, மிஷின் வேண்டுமென்றால் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துகிற வகை உண்டு, அதை அளந்து பார்த்து நானே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார். நான் இன்று மாட்டியிருப்பது அதுதான். அன்றைக்கு அவர் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த ஐந்து நாளும் இரைச்சல் அப்படியே இருந்தது. பேச்சி சிலேட்டை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. நான் யாருடைய உதட்டையும் பார்க்கப் பிடிக்காமல், இடது காதைத் தலையணையில் புதைத்து, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன்.

ஆறாம் நாள் மத்தியானமும் அப்படித்தான் கிடந்தேன். இரைச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது, தூக்கம் வரும் போலிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஸ்டூலை இழுக்கும் சத்தம். யாரோ பேசினார்கள்.

"தூங்குறாரா மதினி?"

"ஆமா தம்பி. முதலாளி என்ன சொன்னாரு?"

"அண்ணனுக்கு இனி ஸ்டியரிங் கெடையாதுன்னுட்டாரு. எம்புட்டோ கெஞ்சிப் பாத்தேன். ஷெட்டுல வண்டி கழுவுற வேல வேணா தாரேங்குறாரு. என்னையும் நிப்பாட்டிட்டாரு."

"மெல்லப் பேசுங்க. அவரு காதுல விழுந்துறப் போகுது."

"அவருக்கு எங்க மதினி கேக்கப் போகுது" என்று சொல்லிவிட்டுக் காதர் மூக்கை உறிஞ்சினான்.

ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. ஸ்டியரிங் போனது, காதரின் வேலை போனது, அவன் மூக்கை உறிஞ்சியது, பேச்சி விசும்பலை அடக்கியது, எல்லாம் கேட்டது. என் பதினேழு வருஷத்துக்கு அவர்கள் முடிவு எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பினால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.